பெரும்புதூர் வழியாகப் பறங்கிமலைக்கு

மலையேற விரும்பும் மிதிவண்டிக்காரர்க்குச் சென்னையைச் சூழ்ந்த நிலம் ஒரு பெருங்குறையுடையது, அது தட்டையானது. கொல்லிமலையில் எழுபது கொண்டையூசி வளைவுகள் உண்டு. நீலகிரியில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய மிதிவண்டிச் சுற்று ஒன்று உண்டு. பிரெஞ்சு நாட்டில் 1903-இல் தொடங்கிய பெருஞ்சுற்றின் வீரர் ஏறும் மலைகளோ முகிலைத் தொடுவன. எமக்கு அண்மையில் வாய்த்திருப்பது பறங்கிமலை ஒன்றே. அதன் உயரம் ஏறத்தாழ 300 அடி. ஆயினும் நம் கிறிஸ்தவ மக்கள் அதனைப் பெரியமலை என்றே வழங்குவர். சைதாப்பேட்டையிலுள்ள சின்னமலையை நோக்க அது பெரியது என்பதன்றி, இமயத்தை நோக்கி எழுந்த பெயரன்று அது.

தாம்பரத்திலிருந்து புறப்பட்டு, வண்டலூர், ஒரகடம், திருப்பெரும்புதூர், குன்றத்தூர், போரூர் ஆகிய ஊர்களின் வழியே ஒரு வட்டமிட்டு, இறுதியில் இப்பறங்கிமலை மீதேறி இறங்கி விடுதிக்கு மீள்வது என்று சென்ற தைத் திங்களில் யாம் மூவர் முடிவு செய்தோம். மொத்த வழி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். உடன்வந்தோர் இருவர், ஒருவர் வேதியியல் மாணவர், மற்றவர் பொருளியல் மாணவர். அவர்தம் பெயர்களை இங்கு எழுதவேண்டா என்று இருவரும் கேட்டுக்கொண்டமையின், அவரவர் பாடத்தின் பெயராலேயே அழைப்போம். இக்கட்டுரையில் ‘யாம்’ என்பது சிலவிடத்து மூவரையும், சிலவிடத்து இதனை எழுதுவோன் ஒருவனையுமே குறிக்கும். இலக்கண ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

வழியைக் குறித்தவர் பொருளியல் நண்பர். கடற்கரைச் சாலையே மாமல்லபுரம் வரை நன்றாயிருக்குமே என்று யாம் இரண்டு முறை எடுத்துரைத்தோம். அவர் இசையவில்லை. தொழிற்சாலைகளைப் பற்றி வகுப்பில் நூறு பக்கம் படித்தாயிற்று, ஒரு முறையேனும் கண்ணாற் காணவேண்டும் என்றார். ஒரகடம் என்ற பெயரைக் கேட்டதும் எம் உள்ளம் சுருங்கியதன் காரணத்தை அவரிடம் கூறவில்லை. இப்பொழுது படிப்போர்க்குக் கூறிவிடுகின்றோம்.

எம் தமையனார் ஒரகடத்தையடுத்த ஒரு தொழிற்சாலையிற் பணிபுரிகின்றார். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டோரச் சிற்றூர் எம்முடையது. தந்தையார் காலமான ஆண்டில் தமையனார் பாலிடெக்னிக் படிப்பை முடித்து, பத்தொன்பதாம் வயதில் இப்பக்கம் வந்தார். அவர் பள்ளிக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஓட்டிய ஹெர்குலிஸ் வண்டியை எமக்கு விட்டுவந்தார். நாம் கல்லூரியிற் சேர்ந்தபொழுது அதனை ரயிலிற் பார்சலாக ஏற்றித் தாம்பரம் கொணர்ந்தோம். கல்லூரியில் என்ன பாடம் எடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது, வணிகவியலை எடுக்குமாறு அவர் கூறினார். யாம் தமிழையே எடுத்தோம். தொலைபேசியில் வாதம் வளர்ந்தது. “தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று அவர் கேட்க, “நட்டு முடுக்குவதைவிட மேலானதாகத்தான் இருக்கும்” என்று யாம் விடை கூறினோம். அவர் மறுமொழி கூறவில்லை. அதன்பின் ஒவ்வொரு பருவத்தின் கட்டணமும் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னரே வந்து சேர்ந்தது. சொல் எதுவும் வரவில்லை. இடையே தாயார் ஒருவரே எம்மிருவர்க்கும் தூது. முப்பது கிலோமீட்டர்த் தொலைவில் இருந்த தமையனாரைப் பதினான்கு மாதங்களாகச் சென்று காணாதவன் எழுதும் கட்டுரை இது.

சனிக்கிழமை விடியுமுன் நாலரை மணிக்குப் புறப்பட்டோம். நண்பர் இருவர் வண்டிகளும் பல்வகைப் பற்சக்கரம் கொண்டவை; இலேசானவை; முன்னும் பின்னும் சம அளவுப் பற்களை இணைத்து, ஒரு மிதிக்கு ஏழடி மட்டுமே நகரும்படி அவற்றை மாற்றிக்கொள்ளலாம். எம்முடையதில் முன்சக்கரத்துக்கு நாற்பத்துநான்கு பல், பின்சக்கரத்துக்குப் பதினெட்டுப் பல். முதல் நாளே எண்ணிப் பார்த்தோம். ஒரு முறை மிதித்தால் ஏறத்தாழ 18 அடி முன்செல்லும். சமநிலத்தில் இது நல்ல வரவு. மேட்டிலோ இதே கணக்குக் கடனாக மாறிவிடும். அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆலையின் வண்டிகள் தென்னாட்டுச் சிற்றூர்களின் சமநிலத்துக்கும் நெல் மூட்டைக்கும் ஏற்றவை. மலைக்காக எவரும் அவற்றை வாங்கியதில்லை.

வண்டியின் பெயரைப் பற்றியே வண்டலூர் வரை பேச்சு நடந்தது. மிதிவண்டி என்பதா, ஈருருளி என்பதா, ஈழத்தார் வழங்கும் துவிச்சக்கரவண்டி என்பதா என்று வேதியியல் நண்பர் எம்மைச் சீண்டினார். எம் ஊரில் வண்டி பழுதுபார்க்கும் முதியவரிடம் ஈருருளி என்று சொன்னால், உருளைக்கிழங்கு இரண்டு கிலோ கேட்கின்றோம் என்றே எண்ணுவார். சைக்கிள் என்றே எழுதினும் மொழி கெட்டுவிடாது என்பது எம் கருத்து. ஆசிரியப் பெருமக்கள் மாறுபடலாம்.

வண்டலூரில் விலங்குச் சாலையின் மதிலோரம் திரும்பி, வாலாஜாபாத் செல்லும் அகன்ற சாலையைப் பற்றினோம். அந்த விலங்குச் சாலை நகரினுள்ளிருந்து இக்காட்டுக்கு வந்தது 1985-இல். இருளில் மதிலுக்கு அப்பாலிருந்து ஏதோ ஒரு பறவை நீளக் கூவியது. மண்ணிவாக்கம் கடந்தது. பனி மூடியிருந்தமையால் சாலையோரத்து ஏரிகள் ஏரிகளாகத் தோன்றவில்லை. வெள்ளை விரிப்பாகத் தோன்றின. படப்பை ஊரை அடைந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. படப்பை என்பது பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் மனையை அடுத்த தோட்டத்துக்கும் கொல்லைக்கும் அது பெயர். இன்று அப்பெயர்ப் பலகையின்கீழ் நின்று பார்த்தால் மனைகள் உண்டு, மனை விற்பனைப் பலகைகள் அவற்றினும் மிகுதியாக உண்டு, தோட்டத்தைத் தேடவேண்டும்.

படப்பைக்கு மேற்கே சாலையின் தன்மையே மாறியது. எதிரிலும் பின்னிலும் பேருந்துகள்; எல்லாம் வெள்ளை நிறத்தன, முகப்பில் எண்ணும் ‘ஷிப்டு’ எழுத்தும் தாங்கியவை. உள்ளே அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருந்தனர். புதிய கார்களை இரண்டடுக்காக ஏற்றிய நீண்ட லாரி ஒன்று எம்மைக் கடக்கும்போதெல்லாம் முதலிற் காற்று எம்மைத் தள்ளும்; வண்டி முழுதும் கடந்தபின் அதே காற்று உள்ளிழுக்கும். அத்தருணத்திற் கைப்பிடியை இறுகப் பற்றாதவன் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டலாகாது. மூவரும் ஒருவர் பின் ஒருவராகச் சென்றோம். முன்செல்வோன் காற்றைப் பிளக்கப் பின்வருவோர் சற்று இளைப்பாறலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை முன்னவன் பின்னே வந்துவிடுவான். எம் முறை வந்தபொழுது வேகம் குறைந்தது என்பதை நண்பர்கள் பண்பாட்டின் காரணமாகக் கூறவில்லை.

ஒரகடத்தின் தொழிற்சாலைகளைப் பொருளியல் நண்பர் ஆண்டு வாரியாக ஒப்பித்தார். ரெனோ–நிசான் கார் ஆலை 2010. டைம்லர் லாரி ஆலை 2012. ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2013. இவற்றுள் கடைசிப் பெயர் எமக்கு நெருக்கமானது. அது இங்கிலாந்தின் ரெட்டிச்சு நகரில் மிதிவண்டி செய்தோரின் பெயர். 1901-இல்தான் அதில் இயந்திரம் ஏறியது. மிதிக்கும் வண்டியிலிருந்து பிறந்த பெயரின் மதிலோரமாக யாம் மிதித்துச் சென்றோம். காவலர் ஒருவர் எம்மைக் கண்டு கையசைத்தார்.

நாற்சந்திக்குச் சற்று முன்பாக எம் பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.

மணி ஆறு இருபது. பஞ்சர் கடை ஒன்று எதிரிலேயே இருந்தது, பூட்டியிருந்தது. நண்பர்களிடம் மாற்று ட்யூபுகள் இரண்டு உண்டு. எம் சக்கரத்தின் அளவு வேறு. அவர்களிடம் காற்றடிக்கும் குழாயும் உண்டு. அதன் வாய் மோட்டார் வண்டி வால்வுக்கு உரியது, எம்முடையதோ பழைய வால்ட்யூப் முறையினது. சாலையோரத்து எல்லைக்கல்லின்மேல் அமர்ந்தோம். பிற மாநிலத் தொழிலாளர் ஐவர் தேநீர்க் கடைக்கு நடந்து சென்றனர்; அவர்கள் பேசியது ஒடியா மொழி என்று வேதியியல் நண்பர் கூறினார். கடையின் பலகையிலும் தமிழோடு வேறு இரண்டு எழுத்துகள் இருந்தன.

“இந்த ஊரில் உனக்குத் தெரிந்தவர் எவருமில்லையா?” என்று பொருளியல் நண்பர் கேட்டார்.

உண்டு என்று சொல்வதற்கு யாம் எடுத்துக்கொண்ட நேரம், ஒரு பஞ்சர் ஒட்டுவதற்குரிய நேரத்தினும் மிகுதி. பிறகு எழுந்து சற்று அப்பாற் சென்று கைப்பேசியில் அழைத்தோம். மணி ஒலித்தது, நின்றது. மீண்டும் அழைத்தோம்.

“என்னலே, இந்நேரம்?” என்றது எம் ஊர்க் குரல். “அம்மாவுக்கு ஒன்றுமில்லையே?”

“அம்மா நல்லா இருக்கா, அண்ணே. நான் ஒரகடத்தில் நிற்கிறேன். சைக்கிள் பஞ்சர்.”

ஒரு நொடி அமைதி. “எந்தப் பக்கம் நிற்கிறாய்? சாலையை விட்டு உள்ளே தள்ளி நில். வருகிறேன்.”

இரவு ஷிப்டு முடிந்து பேருந்திலிருந்து இறங்கிய நிலையிலேயே, அறையிலிருந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அரை மணியில் வந்துவிட்டார். சாம்பல் நிறச் சட்டை, மார்பில் அடையாள அட்டை, கண்கள் சிவந்திருந்தன. பதினான்கு மாதத்தில் இளைத்திருந்தார். எம்மை அவர் முதலில் நோக்கவில்லை, வண்டியைத்தான் நோக்கினார். அதன் இருக்கையின்மேல் ஒரு முறை கைவைத்துப் பார்த்துவிட்டு, நண்பர்களிடம் “தம்பிமார் எல்லாரும் சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார்.

சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை நெம்பி ட்யூபை வெளியே இழுத்தார். தண்ணீர்ப் பாத்திரம் இல்லாமையால் காற்றடித்து உதட்டருகே வைத்துத் துளையைக் கண்டுபிடித்தார். உரைத்தார், பசை தடவினார், அது உலரும்வரை பொறுத்தார். பொறுமையின்மையே பஞ்சர் ஒட்டுவோர் பலரின் பிழை. ஈரப்பசையில் ஒட்டிய ஒட்டு நில்லாது. டயரின் உட்புறத்தை விரலால் தடவித் துளைத்த கம்பித்துண்டையும் எடுத்தார். லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது இத்தகைய மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலையில் இறையும் என்றார். எல்லாம் முடிந்தபின் பின்சக்கரத்தை அசைத்துப் பார்த்தார், முகம் மாறியது.

“இந்த நட்டு தளர்ந்து கிடக்கிறதே. தாம்பரத்திலிருந்து இப்படியேவா வந்தாய்?”

யாம் விடை கூறவில்லை. அவர் மண்டியிட்டு, சங்கிலியை இழுத்து அளவு பார்த்து, சக்கரத்தை நடுவே நிறுத்தி, நட்டை முடுக்கினார். இடப்புறம் ஒரு முறை, வலப்புறம் ஒரு முறை, மறுபடி இடப்புறம். யாம் அவர் பின்னே நின்று அவர் பிடரியையும் ஸ்பேனர் பிடித்த கையையும் நோக்கிக்கொண்டிருந்தோம். யாம் முன்பு சொன்ன சொல்லை அவர் மறந்திருந்தால் நலம். மறந்திருக்க இயலாது என்பதும் எமக்குத் தெரியும். முடுக்கி முடித்தபின் சட்டைப்பையிலிருந்து வெள்ளைச் சாயப் பேனா ஒன்றை எடுத்து, நட்டின் முகத்திலிருந்து வண்டிச் சட்டத்தின்மீது செல்லுமாறு ஒரு நேர்கோடு இட்டார். நட்டு மயிரிழை தளர்ந்தாலும் கோடு முறிந்துவிடும். பார்த்த அளவில் தெரிந்துகொள்ளலாம். ஆலையில் ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வாறுதான் செய்வார்களாம். அங்கு முடுக்குங் கருவி உரிய அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒலிக்குமாம், அதன்பின்னரே கோடு. ஓர் இரவில் அவர் கையால் இடும் கோடுகள் எத்தனை என்று கேட்டதற்கு, “எண்ண ஆரம்பித்தால் தூக்கம் வந்துவிடும்” என்றார். “பேனா மறதியாக வந்துவிட்டது. ராத்திரி போய்த் திருப்பி வைக்கவேண்டும்.”

தேநீர் அருந்தாமற் போகக்கூடாது என்று அறைக்கு அழைத்துச் சென்றார். வல்லக்கோட்டைக்கு அப்பால், திருப்பெரும்புதூர் செல்லும் சாலையை ஒட்டிய சந்தில் அவ்வறை. வல்லக்கோட்டை முருகன் கோயில் பேர்பெற்றது. ஏழடி உயரத் திருவுருவம் உடையது. அதனருகே மாலை கட்டுவோரின் கூடைகள் அப்பொழுதே நிறைந்திருந்தன. அறையில் எட்டுப் பேர்; பாய்கள் நான்கு. ஒரு ஷிப்டார் எழுந்து செல்ல மற்றொரு ஷிப்டார் அதே பாயிற் படுப்பர். பாய் ஒருபொழுதும் குளிர்வதில்லை என்று ஒருவர் நகைத்தார். சுவரில் மூன்று நாட்காட்டிகள். ஒன்றில் எம் ஊர் ஆலயத்தின் படம்.

அறைத்தோழர்கள் எம்மைத் “தமிழ் படிக்கிற தம்பி” என்று முன்னமே அறிந்திருந்தனர். இது எமக்கு வியப்பைத் தந்தது. ஒருவர் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். சோதிப்பதற்காக அன்று, கேட்க ஆள் கிடைத்தமையால். படப்பை என்றால் என்ன என்பது அவர் வினா. நாள்தோறும் பேருந்தில் அவ்வூரைக் கடப்பவராம். யாம் கூறினோம். தோட்டமா என்று அவர் சற்று நேரம் எண்ணினார். “ஆறு வருஷமாக அந்த வழியாகப் போகிறேன்,” என்று தமையனார் மெல்லச் சொன்னார், “இப்போதுதான் தெரியும்.” பெரும்புதூரில் ஊர்ப்பெயரிலேயே புதுமை உள்ளதே என்று வேறொருவர் தொடங்கினார். இராமானுசர் 1017-ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்பது மரபு. அன்றே அது புதூர். ஆயிரம் ஆண்டு பழகியும் புதிய ஊர் என்னும் பெயர் நீங்காத ஊருக்கு இப்பொழுது மீண்டும் அப்பெயர் பொருந்துகிறது என்று பேசி மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சியின் நடுவே, தேநீர்க் குவளைகளைக் கழுவச் சென்ற தோழர் ஒருவர் எம்மிடம் தனியே, “அண்ணனுக்குப் பங்குனியோடு முடிகிறதே, அடுத்து எங்கே என்று ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டுவிட்டார். எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். தமையனாரின் அடையாள அட்டையில் எழுதியிருப்பது ‘பயிற்சியாளர்’. இரண்டாண்டு முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேறு ஆலையில் மீண்டும் பயிற்சியாளராகச் சேரவேண்டும். ஆறாண்டில் மூன்று ஆலைகள், மூன்றிலும் பயிற்சி. மூன்றாவது அட்டை வரும் மார்ச்சு மாதத்தோடு முடிகிறது. நிலையான வேலையிலிருப்பவரே அவர் என்று தாயாரும் யாமும் இந்நாள்வரை எண்ணியிருந்தோம். ஊரிலும் அவ்வாறே சொல்லியிருந்தோம்.

இத்தொழில் வட்டத்தின் வரலாற்றில் இஃது ஒருவர் கதை மட்டுமன்று. நோக்கியா நிறுவனத்தின் ஆலை இங்கு 2006-இல் திறக்கப்பட்டு 2014 நவம்பரில் மூடப்பட்டது; எட்டாண்டு வாழ்வு. 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர் சங்கத்தை ஏற்குமாறு கோரிப் பணியை நிறுத்தி, 37 நாள் வெயிலில் அமர்ந்திருந்தனர். செய்தித்தாளில் அதனைப் படித்தபோது, எம் தமையனார் பணிபுரியும் சாலையின் செய்தி அது என்று கூட யாம் நினைக்கவில்லை. பொருளியல் நண்பர் அச்செய்திகளை ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கின்றார். அன்று அறையை விட்டு வெளிவந்தபின் நெடுநேரம் அவர் ஆண்டுகளை ஒப்பிக்கவில்லை.

புறப்படும்போது தமையனாரிடம் தனியே நின்றோம். அந்தப் பேச்சைப் பற்றிப் பேசவேண்டும் என்றே நின்றோம். “அண்ணே, அன்றைக்கு நான்…” என்று தொடங்கினோம். அவர் பின்சக்கரத்தைக் குனிந்து நோக்கினார். “கோட்டை அடிக்கடி பார்த்துக்கொள்,” என்றார். மார்ச்சைப் பற்றிக் கேட்டோம். முகம் சுளித்து அறைப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார், பிறகு, “இதற்கு முன்னும் இரண்டு முறை முடிந்தது. கட்டணம் நிற்காது. அம்மாவிடம் சொல்லாதே,” என்றார். மலையேறப் போகிறோம் என்பதை அறிந்ததும் மட்டும் சிரித்தார். “இந்தச் சைக்கிளிலா?”

திருப்பெரும்புதூரை விரைவிற் கடந்தோம். 1991 மே 21-ஆம் நாள் முன்னாட் பிரதமர் இராசீவ் காந்தி உயிர்நீத்த இடத்து நினைவகமும், ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் காணத்தக்கன. மற்றொரு நாள் காண்போம். குன்றத்தூர்ச் சாலை செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தெற்காகச் செல்வது. அந்த ஏரியின் நிறை ஆழம் 24 அடி. 2015 டிசம்பரில் அதன் மிகுநீரும் பெருமழையும் அடையாற்றிற் கூடி நகரை மூழ்கடித்த கதையை வேதியியல் நண்பர் கூறினார். அவர் வீட்டில் நீர் நின்ற அளவைத் தம் மார்பில் கைவைத்துக் காட்டினார். எம் காதில் அது பாதியே விழுந்தது.

குன்றத்தூரில் சேக்கிழார் பெருமான் பிறந்தார் என்பதைத் தமிழ் மாணவன் ஒருவன் எழுதாமல் விடலாகாது. அடியார் அறுபத்துமூவரின் வரலாற்றைத் தொகுத்தவர் சோழப் பேரரசின் அமைச்சர். உயர்பதவியிலிருந்து கொண்டு குயவர், வண்ணார், வேடர், மீனவர் என்று தொழிலாளரின் வரலாற்றை அவர் பாடினார். குன்றின்மேலுள்ள முருகன் கோயிலைச் சாலையிலிருந்தே நோக்கினோம். அங்கே ஏறிவிட்டால் பறங்கிமலைக்கு எம் கால்கள் மிஞ்சா என்பதே ஏறாமைக்குக் காரணம்.

போரூர் கடந்து, இராமாபுரம், நந்தம்பாக்கம் வழியே பறங்கிமலை அடிவாரத்தை அடைந்தபோது உச்சிவேளை நெருங்கிவிட்டது. மேலே செல்லப் படிகளும் உண்டு. வளைந்து செல்லும் வண்டிப்பாதையும் உண்டு. நண்பர் இருவரும் பற்சக்கரத்தை மாற்றிக்கொண்டு, உழவுமாடு போல நிதானமாக ஏறிச் சென்றனர். எம்மிடம் மாற்ற ஒன்றுமில்லை. ஒரு மிதிக்குப் பதினெட்டடி கேட்கும் வண்டி மேட்டில் உடலின் முழு எடையையும் கேட்கும். இருக்கையை விட்டெழுந்து, இடக்காலின்மேல் ஒரு முறை, வலக்காலின்மேல் ஒரு முறை ஏறி நின்றோம். கைப்பிடியை உள்ளிழுத்தோம். சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கும் மீண்டும் இடப்பக்கத்துக்குமாக நெளிந்தால் ஏற்றம் சற்றுத் தணியும். மாட்டுவண்டிக்காரரின் பழைய வித்தை அது. ஒரு கட்டத்தில் முன்சக்கரம் நின்றுவிட்டது. விழுமுன் காலூன்றினோம். பாதி வழி தள்ளிக்கொண்டு நடந்தோம். கடைசி வளைவிற் சற்றுச் சமமான இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து மீண்டும் ஏறி அமர்ந்து உச்சியை வண்டிமேலேயே அடைந்தோம். இதனை முழு ஏற்றம் என்று நண்பர்கள் ஒப்பவில்லை. யாமும் வற்புறுத்தவில்லை.

உச்சியிலுள்ள ஆலயம் போர்த்துக்கேயர் 1523-இல் எழுப்பியது. தோமா அப்போஸ்தலர் இங்கு உயிர்நீத்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 1547-இல் இம்மலையிற் கண்டெடுத்த கற்சிலுவையில் இடைக்காலப் பாரசீகமாகிய பகலவி மொழியில் எழுத்துகள் பொறித்துள்ளன. எம் சபை வேறெனினும் அதன்முன் சிறிது நேரம் நின்றோம்; வேண்டியது இன்னதென்பதை இங்கே எழுதோம். வெளியே வந்து மதிலருகே நின்றால் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். கீழே மீனம்பாக்கத்து விமானப் பாதை தெரியும். 1802 ஏப்ரலில் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைவீரர் இந்தியப் பெருநில அளவையின் முதற் கோட்டை இம்மலையின் அடியிலிருந்து தென்றிசை நோக்கித்தான் இட்டார். சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீளம் அளக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்த ஒரு கோட்டை நம்பியே பின்னர் இமயம் வரை முக்கோணங்கள் எழுந்தன.

மேற்றிசையை நோக்கினோம். வெயிலும் புகையும் கலந்து மூடியிருந்தன. ஒரகடம் இருக்கும் பக்கம் எது என்று வேதியியல் நண்பர் கைகாட்டினார். அங்கு எதுவும் தெரியவில்லை. தமையனார் உறங்கும் நேரம் ஆதலால் அழைக்கவில்லை. குனிந்து பின்சக்கரத்தை நோக்கினோம். இறங்கும் வழியில் இரண்டு முறை நின்று நோக்கினோம். கம்பி பிரேக்கின் கட்டைகள் தேய்ந்து புகை நாற்றம் வீசியது.

பல்லாவரம் வழியாக மீண்டது வெறும் வெயிலும் வாகன நெரிசலுமே. 1863-இல் புரூசு பூட்டு என்பார் பழங்கற்காலக் கைக்கோடரியை இப்பல்லாவரத்திற் கண்டெடுத்தார் என்பதை நண்பர்களுக்குக் கூற எண்ணியிருந்தோம். நா வறண்டு கூறவில்லை. ஒன்றரை மணிக்கு விடுதி சேர்ந்தோம். மூவரும் உண்ட சோற்றின் அளவை விடுதிச் சமையற்காரர் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஆலை வாயிலிற் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆதலால் பேருந்திலிருந்தே அனுப்பியிருந்தார். பதினான்கு மாதத்துக்குப்பின் அவரிடமிருந்து நேரே வந்த முதற் செய்தி.

“ஏறினாயா?”

“பாதி ஏறினேன். பாதி நடந்தேன், அண்ணே.”

சிறிது நேரம் சென்றபின் மற்றொன்று வந்தது.

“கோடு?”

யாம் மாடியிலிருந்து இறங்கி, வண்டிக் கொட்டகைக்குச் சென்று, கைப்பேசியின் வெளிச்சத்தில் மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்து எழுதினோம்.

“முறியவில்லை.”